மூளை அலைகளுக்கு ஒரே அளவுகோல்

கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கிருந்து சற்றுத் தொலைவில் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. அதன் மூளை ஆய்வு மையம், கருச்சிசு மூளைகளின் மெல்லிய சீவல்கள் 5132-ஐப் படமெடுத்து, 2024-இல் உலகத்தாருக்கு இலவசமாக வழங்கியது.

மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவுகளையும் இப்படிப் பகிர வேண்டும். அரிய வகை வலிப்பு நோயை ஒரு மருத்துவமனை சிலரிடமே காணும். பல ஊர்ப் பதிவுகள் சேர்ந்தால்தான் உண்மை புலப்படும். சேர்ப்பதற்கு அளவு ஒன்றாக இருக்க வேண்டுமே! தலையில் மின்முனைகளை வைக்கும் இடங்களுக்கு 1958-இலேயே '10-20' முறை வந்துவிட்டது. தலையின் அளவை 10, 20 சதவீதங்களாகப் பங்கிடுவதால், சிறுவருக்கும் பெரியவருக்கும் அது பொருந்தும். பதிவுகளை அடுக்கிவைக்கவும் 2019-இல் பொது ஒழுங்கு வெளியாயிற்று.

நோயாளியின் சம்மதம் பெற்று, பெயரை நீக்கிப் பகிரலாம். பெட்டியில் பூட்டிய பதிவால் யாருக்குப் பயன்? நீங்களே சொல்லுங்கள்!