சதைக்கு மூன்று மாதம், ஜவ்வுக்கு மூன்று வருடம்

என் இடது கையை மடக்கினால் புஜம் முழங்கை மடிப்பைவிட்டு நாலு விரற்கடை மேலே ஏறி நிற்கும். வலது கை அப்படி இல்லை. மதுரையில் நான் நடத்தும் ஜிம்மில் புதிதாகச் சேரும் பையன்கள் முதலில் கேட்பது அதைத்தான்: "மாஸ்டர், கை ஏன் இப்படி இருக்கு?"

1998-ல் நடந்தது. ஆணழகன் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. சோற்றைக் குறைத்து, முட்டை வெள்ளைக்கருவிலும் அவித்த கோழியிலும் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அன்று டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்குவது, 180 கிலோ. பிடி வழுக்கக்கூடாது என்று வலது உள்ளங்கையை என் பக்கமாகவும் இடது உள்ளங்கையை வெளிப்பக்கமாகவும் வைத்துப் பாரைப் பிடித்திருந்தேன். இரண்டாவது ரெப்பில் அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தேன். இடது முழங்கை லேசாக மடங்கியிருந்தது. ஈரத்துணியைக் கிழித்தது போல ஒரு சத்தம். வலி அவ்வளவாக இல்லை. ஆனால் கண்ணெதிரே புஜத்துச் சதை சுருண்டு தோள் பக்கமாக ஏறிவிட்டது.

உள்ளங்கை வெளியே பார்க்கும் கையில்தான் பைசெப்ஸ் என்னும் இந்தப் புஜத்துச் சதை அறுவது வழக்கம். தூக்குவது முதுகும் காலும்தான். கை வெறும் கயிறு. கயிறு நேராக இருந்தால் தாங்கும். முழங்கையை மடக்கினால் அத்தனை பாரமும் பைசெப்ஸின் நுனியில், எலும்போடு அது ஒட்டியிருக்கும் ஜவ்வில் போய் விழும். ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இந்த இடத்தை மருத்துவர்கள் தசைநாண் என்பார்கள். சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம்; பயிற்சி கொடுத்தால் சில வாரங்களிலேயே பலம் கூடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அது மெதுவாகத்தான் தடிக்கும், அறுந்தால் மெதுவாகத்தான் ஆறும். உடம்பு வளர்ப்பவர்கள் அடிபடுவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் அனுபவம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. ஸ்டீராய்டு சதையை வேகமாக வளர்க்கும். தசைநாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

என்னைப் பழக்கிய மாஸ்டர் இந்த விளக்கமெல்லாம் சொன்னதில்லை. "சதைக்கு மூணு மாசம், ஜவ்வுக்கு மூணு வருசம்டா" என்பார், அவ்வளவுதான். ஆறு மாதம் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும்தான். அதற்குப் பிறகே பாரைத் தொட விடுவார். நாங்கள் முணுமுணுப்போம். அந்த ஆறு மாதத்தில் அவர் பழக்கியது எங்கள் மூட்டுகளை என்பது எனக்குப் புரிய என் கை அறுபட வேண்டியிருந்தது.

1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டம் வென்ற மனோகர் ஐச், பாருக்கு முன் உடம்பைப் பழக்கிய அந்தக் காலத்து ஆள். உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் ஆட்சியில் சிறையில் அடைக்கப்பட்டு, கருவி எதுவும் இல்லாமலே அங்கே உடம்பை வளர்த்தவர். 2016-ல் தமது 104-வது வயதில் காலமானார். ஒருவரை வைத்து விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் அவர் படத்தை என் ஜிம் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நான் இளைஞனாக இருந்தபோது என் அறையில் இருந்த படம் வேறு. இங்கிலாந்தின் டோரியன் யேட்ஸ். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா. எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் அர்னால்டும் அவர் கூட்டாளிகளும் காலையும் மாலையுமாக எண்ணற்ற செட் போட்ட வழக்கத்துக்கு நேர் எதிரானது யேட்ஸின் முறை. குறைந்த செட், ஆனால் இனி ஒரு ரெப்கூட முடியாது என்னும் எல்லைவரை. 1994-ல் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிப் பிடித்து, குனிந்து பாரை வயிற்றுப் பக்கம் இழுக்கும் ரோ செய்தபோது இடது பைசெப்ஸ் அறுந்தது. 1997-ல் மறுபடி போட்டி நெருங்கிய நேரத்தில் டிரைசெப்ஸ் அறுந்தது. இரண்டு முறையும் வென்றார். அத்தோடு ஓய்வு பெற்றார்.

அவருக்குப் பின் வந்த ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை எட்டு முறை வென்றவர். 800 பவுண்டு, அதாவது சுமார் 363 கிலோவைத் தோளில் வைத்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். நாங்கள் அந்த வீடியோவைத் தேய்ந்துபோகும்வரை பார்த்தோம். பின்னாளில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அறுவை மேல் அறுவை. இன்று ஊன்றுகோல் இல்லாமல் அவரால் நடக்க முடிவதில்லை. அவரே தமக்கு அதில் வருத்தமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அவருக்கு எட்டுப் பட்டம் கிடைத்தது. அவரைப் பார்த்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

இப்போது நிலைமை நிறைய மாறியிருக்கிறது, நல்லவிதமாகவே. படித்துவிட்டு வரும் இளம் பயிற்சியாளர்கள் இன்னும் இரண்டு ரெப் முடியும் என்கிறபோதே செட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். வெயிட்டை மூன்று நொடி எடுத்து இறக்கச் சொல்கிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை பாரத்தைப் பாதியாக்கி மூட்டுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் பல ஜிம்களில் மறைந்தே போய்விட்டது. என் மாஸ்டர் காரணம் சொல்லாமல் செய்ததைத்தான் இவர்கள் காரணத்தோடு செய்கிறார்கள்.

ஆனால் கெடுப்பதற்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன். ஜிம்மில் சேர்ந்து ஐந்து மாதம். பெஞ்ச் பிரஸ்ஸில் 100 கிலோ ஏற்றிப் படுத்திருந்தான். அவன் நண்பன் பின்னால் நின்று பாரைப் பிடிக்க வேண்டியவன். பிடிக்காமல் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பார் நெஞ்சில் மோதி எழும்பியது. மார்புத் தசை பெரும்பாலும் அறுவது அந்த அடிப்புள்ளியில்தான், முழங்கை உடம்புக்குக் கீழே போகும் அந்த இடத்தில். ஓடிப்போய்ப் பாரைப் பிடித்தேன். "மாஸ்டர், ரீல் கெட்டுப்போச்சு" என்றான். அவனை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாளிலிருந்து 50 கிலோவில் தொடங்கியிருக்கிறான். முதல் ஆறு மாதம் என் ஜிம்மில் இனி யாரும் போனோடு பாரைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டேன். நாலு பேர் வேறு ஜிம்முக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

என் கைக்கு வருகிறேன். அறுந்த அன்று மருத்துவரிடம் போகவில்லை. வலி இல்லையே என்று மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவிக் கட்டினேன். பிறகு போனபோது, தசைநாணும் சதையும் சுருங்கி ஒட்டிவிட்டன, இனி இழுத்துத் தைப்பது கடினம் என்றார் மருத்துவர். இப்படி அறுவதை முதல் இரண்டு வாரத்துக்குள் தைத்தால்தான் பழைய பலம் பெருமளவு திரும்பும். இன்றும் ஒரு திருகாணியை இடது கையால் முறுக்க எனக்குச் சிரமம்.

அதனால் ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கும், அவர்களை அனுப்புகிற பெற்றோருக்கும் ஒன்று: கையிலோ மார்பிலோ 'டப்' என்று சத்தம் கேட்டு, அந்த இடம் கன்றி நீலம் பாரித்தால், நீவாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். வலி இருக்கிறதோ இல்லையோ, மறுநாளே எலும்பு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.