தோற்ற ஆட்டம் சொல்லும் பாடம்

சதுரங்கச் சுற்றுப்போட்டியில் தோற்றவர், நகர்வுகளைக் குறித்த தாளைக் கசக்கி எறிந்துவிடுவதுண்டு. நானும் ஒருமுறை அவ்வாறே செய்ய எண்ணினேன்.

அன்று, காவலின்றி நின்ற சிப்பாய் ஒன்றை என் கோட்டையால் வெட்டினேன். அக்கணமே வெறுமையான என் கடைசி வரிசையில் எதிரியின் கோட்டை வந்திறங்கியது. அரசனுக்கு அரணாக நின்ற என் மூன்று சிப்பாய்களே அவனுக்குச் சிறைச்சுவராயின. ஆட்டம் முடிந்தது. “பேராசையால் கெட்டேன்” என்று நொந்துகொண்டேன்.

வீட்டிலே தாளை விரித்து மீண்டும் ஆடிப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. பத்து நகர்வுகளுக்கு முன்னரே ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அரசனுக்கு வழி திறந்திருக்கலாம். அதனை வீண் நகர்வென்று ஒதுக்கியவன் நானே. பிழையின் வேர் பேராசையன்று, அலட்சியம்!

1948ஆம் ஆண்டில் உலக வெற்றிவீரரான பொட்வினிக், ஒருவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, பிறர் குறைகாணும் வண்ணம் வெளியிடல் வேண்டும் என வற்புறுத்தியவர். இக்காலத்திலோ கணினி நொடிப்பொழுதில் பிழையைக் காட்டிவிடுகின்றது. 1997இல் காஸ்பரோவையே கணினி வென்றதன்றோ? ஆயினும், அவ்வேளை நாம் என்ன நினைத்தோம் என்பதை அது அறியாது.

ஆதலின் மாணவர்காள், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நகர்வின் அருகிலும் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். கணினியைப் பின்னர் கேளுங்கள்.

அந்தத் தாள் இன்றும் என்னிடம் உள்ளது. வென்ற ஆட்டங்களின் தாள்கள்தாம் எங்கே போயினவோ!