தூங்குறவங்களை எழுப்பாத கிறிஸ்துமஸ்

1/ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அட்வென்ட் வந்துட்டா கேரல் ரவுண்ட்ஸும் வந்துடும். சந்தோஷம்தான். ஆனா ஒரு டாக்டரா சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்.

2/ இது ஷிஃப்ட் ஊர். ஒரே தெருவுல ஒரு வீடு வேலைக்குக் கிளம்பும், பக்கத்து வீடு அப்பதான் படுக்கும். விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் பிடிக்கணுமே.

3/ நைட் ஷிஃப்ட் வேலையை "புற்றுநோய்க்குக் காரணமாக அநேகமா வாய்ப்புள்ளது"ன்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல வகைப்படுத்துச்சு. 2019-லயும் அதையே சொன்னாங்க. சுகர், இதய நோய் ரிஸ்க்கும் கூடும். கிடைக்கிற தூக்கத்தையாவது கெடுக்க வேணாமே.

4/ ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாதுங்கிறது 2000-ம் வருஷ விதி. பண்டிகைக்கு அரசு தளர்வு தரலாம். உடம்பு தராது.

5/ இன்னொண்ணு. ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கிற பொண்ணுங்க நிறைய பேர் தென் மாவட்டம், ஜார்க்கண்ட், ஒடிசான்னு தூரத்துல இருந்து வந்தவங்க. அவங்கள்ல கிறிஸ்தவங்களும் உண்டு. டிசம்பர் 25 அன்னிக்கு டியூட்டி இருந்தா, அதிகாலை ஆராதனைக்கு எப்படி வருவாங்க?

6/ சாயங்காலம் இன்னொரு ஆராதனை வைங்க. கேரலை 9 மணிக்குள்ள முடிங்க. ஹாஸ்டல் பிள்ளைங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க.

7/ லூக்கா சுவிசேஷப்படி, பிறப்புச் செய்தி முதல்ல போனது ராத்திரி மந்தையைக் காவல் காத்த மேய்ப்பர்களுக்கு. நைட் டியூட்டி ஆளுங்க! தேவதூதர் முழிச்சு வேலை பார்த்தவங்களைத் தேடிப் போனார். தூங்கினவங்களை எழுப்பல.