தகரக் குழலும் தங்க விலையும்

டப்ளின் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற வாரம் ஒரு நீண்ட கடிதம் வந்தது. க்ஷேமலாப விசாரணைகள் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. பாக்கி மூன்றரைப் பக்கமும் ஓர் ஊதுகுழலைப் பற்றியது.

நண்பருடைய பதினோரு வயதுப் புதல்வி, அயர்லாந்துப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பலர் கற்பதைப் போலவே, 'டின் விசில்' என்னும் தகரக் குழலை வாசிக்கக் கற்றுக்கொண்டாள். மற்றக் குழந்தைகள் பாடம் முடிந்ததும் குழலைப் பைக்குள் போட்டு மறந்துவிட்டார்கள், இவள் மறக்கவில்லை. அந்நாட்டில் 1951-ல் முல்லிங்கார் என்னும் ஊரில் தொடங்கி வருஷந்தோறும் நடந்துவரும் 'ஃப்ளா க்யோல்' சங்கீத விழாவில், சிறுவர் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்கிறாள். கையிலிருப்பது 12 யூரோவுக்கு வாங்கிய குழல். கேட்பதோ கைவேலைக்காரர் ஒருவர் கடைசல் பிடித்துச் செய்யும் குழல். விலை 250 யூரோ. நம் ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய கால் லட்சம்!

"ஆறு துவாரம் உள்ள ஒரு சாண் குழாய்க்கு இந்த விலை தகுமா? நீர்தான் சொல்ல வேண்டும்" என்று நண்பர் முடித்திருந்தார். முடித்தவர் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். தாம் சிறுவனாயிருந்தபோது தேர்த் திருவிழாக் கடையில் ஐந்து ரூபாய்ப் புல்லாங்குழல் ஒன்றைக் கேட்டதாகவும், "படிக்கிற வேலையைப் பார்" என்று தகப்பனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாகவும், அந்தக் குழல் தொங்கிய கயிற்றின் நிறம்கூட இன்னும் ஞாபகம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். ஆகையால் இது வெறும் விலை விசாரணை அல்லவென்று நாம் தெரிந்துகொண்டோம்.

முதலில் இந்த வாத்தியத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவோம். வாயில் நேராக வைத்து ஊதும் குழல் அயர்லாந்தில் மிகப் பழமையானது. டப்ளின் நகரின் ஹை ஸ்ட்ரீட்டில் பூமியைத் தோண்டியபோது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எலும்புக் குழல்கள் அகப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்றைய தகரக் குழலுக்குத் தகப்பன் ஓர் ஆங்கிலேயப் பண்ணைக் கூலியாள். ஸபோக் ஜில்லாவில் கோனி வெஸ்டன் என்னும் கிராமத்தில் இருந்த ராபர்ட் கிளார்க் என்பவர், 1843-ல், மரக் குழலைப் பார்த்துத் தகரத் தகட்டைச் சுருட்டி ஒரு குழல் செய்தார். பிறகு தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு, மான்செஸ்டர் நகரத்துக்கு நடந்தே போய்த் தொழிற்சாலை வைத்தார் என்பது வழிவழியாக வரும் சரித்திரம். அந்தக் கிளார்க் குழல் இன்றும் விற்கிறது. அடியிலே குறுகி மேலே அகன்ற தகரக் குழாய், வாயிலே ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான்.

'பென்னி விசில்', அதாவது காலணாக் குழல் என்று சொல்லும்படியான மலிவு. பிடில் வாங்க வகையில்லாத குடியானவன் வீட்டிலும் சங்கீதம் புகுந்தது இந்த மலிவினால்தான். ஆகவே, இதற்குக் கால் லட்சம் விலை சொல்லுவது, மண் சட்டிக்கு வெள்ளிப் பூண் கட்டுவதைப் போல முதலில் நமக்கும் பட்டது.

இனி, நண்பரின் புதல்விக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், அதில் நமக்கும் பங்கு உண்டு. சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு அவர்கள் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குழந்தை தன் குழலோடு இன்னொரு குழலையும் கொண்டுவந்திருந்தாள். அது அடுத்த வீட்டு ஐரிஷ்காரர் இரவல் கொடுத்தது. கையினால் செய்த உயர்ந்த ரகம். இரவல் பொருளில் ருசி கண்டால் வம்புதான் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நாமோ ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பக்கத்துத் தெருவிலிருக்கும் புல்லாங்குழல் வித்துவான் ஒருவரையும் வரவழைத்தோம். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரே ஐரிஷ் மெட்டை ஆறு தடவை, இரண்டு குழல்களிலும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியது. எது எந்தக் குழல் என்று நாம் சொல்ல வேண்டியது. நாம் சொன்னதில் மூன்று சரி, மூன்று தப்பு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே பலன்தான் கிடைத்திருக்கும். வித்துவான் நாலு சரியாகச் சொன்னார். அதற்கே அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

பிறகு குழலை நம் கையிலே வாங்கி ஊதினோம். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. மலிவுக் குழலில் கீழ் ஸ்தாயியை எட்டிப் பிடித்து மேலே போக முயன்றபோது, கொதிக்கும் கெட்டிலைப் போல் அது கிறீச்சிட்டது. வீட்டுப் பூனை எழுந்து வெளியே போயிற்று. உயர்ந்த குழலிலோ, நம்மைப் போன்ற மூடனுக்கும் ஸ்வரங்கள் ஒருவாறு வரிசையாக வந்து நின்றன. "கேட்கிறவனுக்கு வித்தியாசம் சொற்பம். வாசிக்கிறவனுக்கு ரொம்ப ஜாஸ்தி" என்றார் வித்துவான். உதட்டுக்கு வேலையே இல்லாத வாத்தியம் என்று அவருக்கு அதன்மேல் கொஞ்சம் இளப்பமும் உண்டு. குழந்தை மட்டும் மெதுவாக, "இதுல மேலே போறப்ப பயமா இல்லே, மாமா" என்றாள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் என்ன? நம் புல்லாங்குழலில் காற்றைச் செலுத்தும் வேலையை உதடு செய்கிறது. தகரக் குழலில் அந்த வேலை வாய்முனையில் உள்ள ஒரு குறுகிய சந்துக்கு உரியது. அச்சந்தின் உயரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதன் வழியே தகடு போல் வெளிவரும் காற்று, எதிரே உள்ள கத்தி விளிம்பில் மோதி மேலும் கீழும் துடிக்கும்போது நாதம் பிறக்கிறது. கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் விரல் வைப்பு ஏறக்குறைய ஒன்றே; மூச்சின் வேகம் ஒன்றுதான் பேதம். ஆகையால் அந்தச் சந்தும் விளிம்பும் மயிரிழை பிசகினாலும், ஸ்வரம் தானாகவே மேலே தாவும், அல்லது தாவ வேண்டிய இடத்தில் அடம் பிடிக்கும். அச்சில் வார்த்துத் தள்ளும் பிளாஸ்டிக் வாய்முனைகளில் இந்தப் பிசகு சகஜம். ஒரே கடையில், ஒரே பெட்டியில், ஒரு குழல் தேனாகவும் அடுத்தது வேம்பாகவும் இருக்கும். கைவேலைக்காரர் செய்வதெல்லாம், விளிம்பைச் சிறுகச் சிறுக அராவி, ஊதிப் பார்த்து, மறுபடியும் அராவி, ஒவ்வொரு துவாரத்தையும் சுருதிக்கு ஏற்பத் திருத்தி அனுப்புவதுதான். நாம் கொடுக்கும் விலை பித்தளைக்கோ கருமரத்துக்கோ அல்ல. அந்த மனிதரின் காதுக்கும் பொறுமைக்கும் உரியது.

கைத்தொழில் என்றதும் தலை வணங்குவது நம் பழக்கம். கதரைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே நியாயம் கொஞ்சம் தலைகீழாக நிற்கிறது. தகரக் குழல் யந்திர யுகத்தில் பிறந்த குழந்தை. மலிவே அதன் குலப்பெருமை. அந்த மலிவுக் குழலிலேயே மகாமேதைகள் வாசித்திருக்கிறார்கள். மேரி பெர்கின் அம்மையார் 1979-ல் வெளியிட்ட 'ஃபடோகா ஸ்டான்' என்னும் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, நல்ல குழல் இல்லாமல் நல்ல சங்கீதம் இல்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். சாதாரணக் கடைக் குழலை வாசித்துப் பெயர் பெற்றவர் அவர். உயர்ந்த விலைக் குழல்களைச் செய்து புகழ் பெற்ற மைக்கேல் கோப்லண்ட் என்ற அமெரிக்கரே, கிளார்க் கம்பெனியாருக்காக ஒரு மலிவுக் குழலை அமைத்துக் கொடுக்கத் துணை நின்றார் என்பதும் கவனிக்கத்தக்கது.

கைவேலைக் குழலின் கட்சிக்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறோம். அதில் நம் தேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஃபின்பார் ஃப்யூரி என்ற ஐரிஷ் வித்துவான் இந்திய மூங்கில் குழல் ஒன்றை உயிராக வைத்திருந்தார். அது உடைந்துபோயிற்று. 1971-ல் பெர்னார்டு ஓவர்டன் என்ற ஆங்கிலேயர் அதைப்போல் ஒன்றைச் செய்ய முயன்று, மூங்கிலில் கைகூடாமல், அலுமினியக் குழாயில் செய்து கொடுத்தார். 'லோ விசில்' என்று இன்று உலகமெங்கும் கேட்கும் மந்த்ர ஸ்தாயிக் குழல் அதிலிருந்து வந்தது. எந்தத் தொழிற்சாலையும் இதை நினைத்திருக்காது. ஒரு தனி மனிதரின் பட்டறையில்தான் இப்படிப்பட்ட காரியம் நடக்கும். அந்தப் பட்டறைகள் பிழைக்க வேண்டுமானால் யாராவது விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கொடுக்க வேண்டியவர் நம் நண்பர்தானா என்பதுதான் கேள்வி. வித்துவானுக்கு உயர்ந்த குழல் வேண்டியதில்லை. கெட்ட குழலின் கோணலை மூச்சினாலேயே நிமிர்த்திவிடுவார். கற்கிற குழந்தைதான், குழலின் குற்றத்தைத் தன் குற்றம் என்று எண்ணி மனம் ஒடிந்துபோகும். ஆகவே அவளுக்கு நல்ல குழல் அவசியம். ஆனால் நல்ல குழலுக்கும் 250 யூரோக் குழலுக்கும் நடுவே வெகு தூரம் இருக்கிறது. வாய்முனையை நகர்த்திச் சுருதி சேர்க்கக்கூடிய கண்ணியமான குழல்கள் 50, 60 யூரோவிலேயே கிடைக்கின்றன. நூறு யூரோவுக்கு மேல் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் அழகுக்கும், ஆனந்தத்துக்கும், செய்தவரின் ஜீவனத்துக்கும்தான். அது பாவமல்ல, ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நண்பருக்கு நாம் எழுதிய பதில் இதுதான். முதலில் குழந்தையைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று, பெட்டியிலிருக்கும் மலிவுக் குழல்களில் அவர் அனுமதிக்கும் மட்டும் ஊதிப் பார்த்து இரண்டைப் பொறுக்க வேண்டியது. வாய்முனையின் உட்புறம் காற்றுச் சந்துக்கு அடியில் உள்ள வெற்றுப் பள்ளத்தைக் கொஞ்சம் ஒட்டுப் பசையால் நிரப்பினால், பாதிக் கிறீச்சொலி அடங்கும். சுருதி சேராவிட்டால், வாய்முனையை வெந்நீரில் சற்று வைத்தால் ஒட்டு இளகும், இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். எச்சில் அடைத்துக்கொண்டால் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளியைச் சந்தில் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டியது. இவ்வளவுக்கும் செலவு 30 யூரோவைத் தாண்டாது; போட்டிக்கு இது போதும்.

அத்துடன், அந்தக் கைவேலைக்காரருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதி, காத்திருப்போர் ஜாபிதாவில் குழந்தையின் பெயரைப் பதியச் சொல்லியிருக்கிறோம். பெயர் பெற்ற பட்டறைகளில் முறை வர மாதக் கணக்கில் ஆகும். முறை வரும் நாளிலும் அவள் தினமும் குழலை எடுக்கிறவளாக இருந்தால், யோசனை செய்யாமல் பணத்தை அனுப்பிவிட வேண்டும். கால் லட்சமானாலும் சரி. இரவல் கொடுத்த அடுத்த வீட்டுக்காரரிடம் அதுவரை அந்தக் குழலை மறுபடி கேட்க வேண்டாம் என்றும் எழுதினோம்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது கயிற்றில் தொங்கிய அந்த ஐந்து ரூபாய்ப் புல்லாங்குழல் நினைவுக்கு வந்தது. உறையைப் பிரித்து, "கடையில் பொறுக்கும்போது இரண்டு வேண்டாம், மூன்றாக வாங்கும். மூன்றாவது உமக்கு" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.