குழந்தை பாட்டிலைத் துப்புகிறதா? ஒரு சின்ன டம்ளர் போதும்!

மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் இரண்டே வாரம். குழந்தை இதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் ருசி பார்த்ததில்லை. பாட்டிலை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுகிறது, முகத்தைத் திருப்புகிறது, வீடே அதிர அழுகிறது. நிப்பிள் மாற்றியாச்சு, பிராண்டு மாற்றியாச்சு, 'தாயின் மார்பு போலவே' என்று அட்டையில் போட்டிருந்த விலை கூடிய பாட்டிலையும் வாங்கிப் பார்த்தாச்சு. பலன் பூஜ்ஜியம்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் மூன்று யோசனைகள் வரும். "பசிச்சா தானா குடிக்கும், விடு." "இப்பவே தாய்ப்பாலை நிறுத்து, பாட்டில் பழகிடும்." கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "வேலையை விட்டுட்டா என்ன?"

மூன்றுமே வேண்டாம். பாட்டில் பிடிக்காத குழந்தை பாட்டில் குடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நேராகக் கப்பில் குடிக்கப் பழக்கலாம். கப் என்றால் கடையில் விற்கிற மூக்கு வைத்த சிப்பர் அல்ல. திறந்த வாய் உள்ள, 50 மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர். விளிம்பு மடித்து வழவழப்பாக இருந்தால் போதும். அனேகமாக உங்கள் சமையலறையிலேயே ஒன்று இருக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம்?

2017-ல் வந்த சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். கேட்க ஆறு மாசம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். கால் வீக்கம், ரத்த அழுத்தம் என்று ஆறு வாரம் முன்னாடியே விடுப்பு எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாசம்கூட நிறைந்திருக்காது. உலக சுகாதார நிறுவனமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூடத் தேவையில்லை என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற ஒன்றரை மாசத்தைச் சமாளிப்பது ஒவ்வொரு அம்மாவின் தனிப்பட்ட பிரச்சினை என்று விட்டுவிட்டோம். (தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஐ.டி. கம்பெனி, வங்கி, தனியார் பள்ளி என்று வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

அந்த இடைவெளியில் முதலில் நுழைவது பாட்டில். பல வீடுகளில் அதன் பின்னாலேயே பால் பவுடரும் வந்துவிடுகிறது.

இன்னொரு சேதி, பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் பால் பவுடரை மட்டுமல்ல, பால் பாட்டிலையும் விளம்பரம் செய்யச் சட்டப்படி தடை இருக்கிறது. 1992-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. இலவச சாம்பிள், பரிசு என்று கொடுத்து ஆசை காட்டவும் கூடாது. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் விளம்பரத் தடை உண்டு என்று தெரியும். அந்த வரிசையில் ஒரு பாட்டிலையும் அரசு வைத்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா? நிப்பிளின் ஓட்டையிலும் மூடியின் மடிப்பிலும் பால் தங்கும், கிருமி வளரும், வயிற்றுப்போக்கு வரும். ஒவ்வொரு முறையும் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கவைக்க வேண்டும். டம்ளருக்கு மூலை முடுக்கு கிடையாது. சோப்பு போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் சுத்தம் கண்ணுக்கே தெரியும். காலை எட்டரைக்கு ஆபீஸ் கேப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

பாட்டில் பயன்படுத்தும் அம்மாக்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாட்டிலிலும் குடித்து, அம்மாவிடமும் சமர்த்தாகக் குடிக்கிற குழந்தைகள் நிறைய உண்டு. அது நடக்கிற வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம். பாட்டில் பழகினால் எல்லாக் குழந்தையும் தாய்ப்பாலை மறுத்துவிடும் என்பதும் மிகை. ஆனால், 'வேலைக்குப் போகணுமா, பாட்டில் பழக்கியே ஆகணும்' என்ற விதி எங்கேயும் இல்லை. அதைத்தான் மறுக்கிறேன்.

நம்ம பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான், ஒரு திருத்தத்தோடு

கப்பில் புகட்டுவது வெளிநாட்டு ஐடியா என்று நினைத்தால், வீட்டுப் பாட்டியிடம் 'சங்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பாலாடை, சங்கு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த மூக்கு நீண்ட கிண்ணம், இன்றைக்கும் மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இருக்கிறது. மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்கே அதில்தான் அம்மாவின் பாலைப் புகட்டுகிறார்கள். அந்தப் பொடிசால் முடியும்போது, ஐந்து மாசத்துக் குண்டுப் பையனால் முடியாதா?

திருத்தம் என்று சொன்னேனே, அது முக்கியம். பழைய முறையில் காலை நீட்டி, குழந்தையை அதன் மேல் மல்லாத்திப் படுக்கவைத்து, சங்கில் உள்ளதை வாயில் ஊற்றுவார்கள். சில வீடுகளில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயும் ஊற்றுவார்கள். இது ஆபத்து. ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். 'நாங்க அப்படித்தானே வளர்த்தோம்' என்று பதில் வரும். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். சங்கோ டம்ளரோ, குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும், பாலை ஊற்றவே கூடாது.

ஊற்றாமல் எப்படிப் புகட்டுவது? இங்கேதான் கை பழக வேண்டும்.

குழந்தையை மடியில் நேராக உட்காரவையுங்கள், ஒரு கை முதுகையும் கழுத்தையும் தாங்கட்டும். சின்னக் குழந்தை டம்ளரைத் தட்டிவிடும். கையோடு சேர்த்து ஒரு துணியால் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். கழுத்தடியில் ஒரு துண்டு. டம்ளரில் பாதிக்கு மேல் பால் இருக்கட்டும், அடியில் கொஞ்சமாக இருந்தால் ரொம்பச் சாய்க்க வேண்டியிருக்கும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் மெதுவாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. மீதி வேலை குழந்தையுடையது.

முதலில் முழிக்கும். பிறகு நாக்கு வெளியே வரும், பூனைக்குட்டி மாதிரி நக்கும். கொஞ்சம் பெரிய குழந்தை உதட்டைக் குவித்து உறிஞ்சப் பார்க்கும். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும். அப்போது நீங்களும் நிறுத்துங்கள். வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். 'இன்னும் பத்து மில்லி இருக்கே' என்று துரத்த வேண்டாம். ஒரு வேளையில் எவ்வளவு குடித்தது என்பதைவிட 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு என்பதே கணக்கு.

இருமல் வந்தாலோ புரையேறினாலோ டம்ளரை எடுத்துவிட்டுக் குழந்தை தெளியும்வரை பொறுங்கள். அடிக்கடி புரையேறுகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை என்றால் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவர் ஆலோசனை தேவை.

எப்போது பழக்குவது? பசி உச்சத்தில் அழும்போது வேண்டவே வேண்டாம். 'பசிச்சா தானா குடிக்கும்' யோசனை தோற்பது இதனால்தான். பசியில் கத்துகிற குழந்தை புதுசாக எதையும் கற்றுக்கொள்ளாது. பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, தூக்கம் வராமல் விளையாடிக்கொண்டிருக்கும் நேரம் சரி. ஐந்து நிமிஷம் போதும். வேலைக்குப் போகும் நாளுக்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்தால் நிதானமாகப் பழக்கலாம். இரண்டு வாரம்தான் இருக்கிறதா? இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

ஆறு மாசம் தாண்டிய குழந்தை என்றால் ஒரு வசதி உண்டு. திட உணவு ஆரம்பித்திருப்பீர்கள், சாப்பாட்டோடு டம்ளரில் ரெண்டு மடக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுத்துப் பழக்கலாம். கொட்டினால் தண்ணீர்தானே! பால் கொட்டும்போது வரும் வலி, ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பம்ப் செய்தவருக்குத்தான் தெரியும். ஆறு மாசத்துக்குக் கீழே இந்தக் குறுக்குவழி கிடையாது, பாலிலேயே பழக்க வேண்டும். முதல் சில நாள் ரெண்டு ஸ்பூன் அளவு மட்டும் பீய்ச்சி, சங்கிலோ ரொம்பச் சின்ன கிண்ணத்திலோ ஆரம்பியுங்கள். வீணானாலும் மனசு தாங்கும்.

கொட்டவே கொட்டாத சிப்பர் வாங்கலாமே என்று கேட்கலாம். அது கொட்டாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் வால்வு. அதிலிருந்து பால் வர, குழந்தை பாட்டிலில் செய்வதைப் போலவே இழுத்துச் சப்ப வேண்டும். பெயர்தான் கப், வேலை பாட்டில் வேலை. பாட்டில் பழகிய குழந்தையை ஒன்றரை வயதுக்குள் அதிலிருந்து மாற்றச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். இல்லாவிட்டால் பல் சொத்தை, பாலிலேயே வயிறு நிரம்பி இரும்புச்சத்துக் குறைவு என்று தொல்லைகள் வரிசையாக வரும். டம்ளரில் ஆரம்பித்தவருக்கு இந்த இரண்டாவது போராட்டமே கிடையாது.

யார் புகட்டுவது?

அம்மா இல்லை! அம்மா பக்கத்தில் இருந்தால் வாசனையே போதும், 'ஒரிஜினல் இருக்கும்போது டம்ளர் எதுக்கு' என்று குழந்தை அடம்பிடிக்கும். புகட்டப் போகிறவர்தான் முதல் நாளிலிருந்தே புகட்டிப் பழக வேண்டும். பழக்கம் தேவைப்படுவது குழந்தைக்கு மட்டுமல்ல, டம்ளர் பிடிக்கிற கைக்கும்தான்.

அந்தக் கை அப்பாவுடையதாக இருக்கட்டுமே. 'தாய்ப்பால் விஷயத்தில் நான் என்ன செய்ய முடியும்' என்று ஒதுங்கி நிற்கும் கணவர்களுக்கு இதைவிடத் தெளிவான வேலை கிடைக்காது. வார்ம் அப் மாதிரி அம்மா அரை மணி நேரம் மாடிக்கோ கடைக்கோ போய்வரட்டும். தினமும் மாலை ஒரு வேளை அப்பா பொறுப்பு. பகலில் பார்த்துக்கொள்ளப் போவது அம்மாவின் அம்மாவோ மாமியாரோ என்றால், அவர்களும் இந்த ரெண்டு வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

பாலைப் பத்திரப்படுத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீய்ச்சிய பால் 25 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். சென்னை மே மாசத்தில் எந்த வீட்டில் 25 டிகிரி? உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள். நாலு நாள் வரை இருக்கும். மேலே கொழுப்பு பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போன பால் இல்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். கொடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். குழந்தை வாய்வைத்த மீதியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஆபீஸ் பக்கமும் சில உரிமைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை தவிர, பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். குழந்தை வீட்டில் இருக்கிறது என்றால் அந்த இடைவேளையில் பம்ப் செய்யலாம் என்று ஹெச்.ஆரிடம் விடுப்பு முடியும் முன்பே மெயிலில் பேசிவிடுங்கள். பூட்டுகிற கதவுள்ள ஓர் அறை, ஒரு பிளக் பாயின்ட், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. கேட்பது இவ்வளவுதான். ஸ்டோர் ரூமையும் பாத்ரூமையும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வாரம் வேலைக்குப் போய்விட்டு, 'பகல் முழுக்க அறுபது மில்லிதான் குடிச்சான்' என்று கேள்விப்பட்டால் மனசு பதறும். பல குழந்தைகள் பகலில் பேருக்குக் குடித்துவிட்டு, அம்மா வந்ததும் சாயங்காலமும் ராத்திரியுமாகச் சேர்த்துப் பிடித்துவிடும். உங்கள் தூக்கம் போகும், அது நிஜம். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், முழித்திருக்கும்போது துறுதுறுவென்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காப்பகத்தில் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்க்கும் முன் "கப்பில் கொடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "கொடுப்போம் மேடம்" என்றுதான் சொல்வார்கள். டம்ளரையும் கொஞ்சம் பாலையும் எடுத்துப் போய், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஆயாவின் மடியில் வைத்து, உங்கள் கண்ணெதிரே ஒரு வேளை புகட்டச் சொல்லுங்கள். மல்லாத்திப் படுக்கவைத்தால் அங்கேயே திருத்துங்கள். "எங்க கிட்ட எல்லாக் குழந்தைக்கும் பாட்டில்தான், டைம் இல்ல" என்று பதில் வந்தால், வேறு காப்பகம் தேட உங்களிடம் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.