ஆஸ்பத்திரி வாசலில் காவல் தெய்வமா?

2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் கொல்லப்பட்டார். நவம்பரில் சென்னை கிண்டி சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். உடனே சொல்லப்பட்ட பரிகாரம், "போலீசைக் கொண்டுவந்து நிறுத்து" என்பதேயாகும். கல்கத்தா கொலைக்காக 2025-இல் ஆயுள் தண்டனை பெற்றவன் யார்? போலீசுக்கு உதவியாக அமர்த்தப்பட்டிருந்த ஆள்!

டாக்டருக்குக் காவல் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடிப்பவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் தமிழ்நாட்டில் 2008-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 10 வருஷம் வரை ஜெயில் உண்டு. அப்படியிருந்தும் கத்தி நின்றதா? பிளேக் நோய்க்குப் பயந்து "பிளேக் மாரியம்மன்" கோயில் கட்டிய ஊர் நம் கோயமுத்தூர். அம்மனுக்குப் பதில் லத்தியை நட்டுவிட்டால் மாத்திரம் வியாதி தீருமா?

மில்லில் கை நசுங்கியவனும், அவனாசி ரோட்டில் அடிபட்டவனும் அவசரப் பிரிவுக்கு வருவது உயிர் பிழைக்கவே. வாக்குமூலம் கொடுக்க அல்ல. முதலில் சிகிச்சை, பிறகே போலீசு நடவடிக்கை என்று 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, காக்கிச் சட்டையைக் கண்டதும் "கேஸ் வருமோ" என்று ஏழை திரும்பிப் போவானேயானால், அந்தக் காவல் யாருக்கு?

ஆகவே போலீசு கதவைக் காக்கட்டும். கட்டிலண்டை அதற்கென்ன வேலை? உள்ளே போதுமான டாக்டரையும் நர்சையும் போடுங்கள். வெளியே தவித்து நிற்கும் உறவினருக்கு நோயாளியின் நிலையைப் புரியும்படி சொல்ல ஓர் ஆளை வையுங்கள். கோபத்தின் வேரை வெட்டாமல் லத்தியை மாத்திரம் நம்புவதும் மூடநம்பிக்கையேயாகும்.