ஐந்தடி நிழல்

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தேன். வானம் முட்டும் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்! மனசில் நின்றது லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள்தான்.

வாசலில் ஐந்தடி நடை. வழிப்போக்கர் வெயில், மழையில் வாடக்கூடாதென்று 1822-லேயே ராஃபிள்ஸ் போட்ட உத்தரவாம். 1989 முதல் அந்த வீடுகளைச் சட்டப்படி பாதுகாக்கிறார்கள். புது அடுக்குமாடிகளிலும் கீழ்த்தளம் பொதுவாகத் திறந்தே கிடக்கிறது. கல்யாணமும் துக்கமும் அங்கேதான்.

இங்கே இடைசெவலில் எங்கள் திண்ணையை இடித்து வண்டி நிறுத்தலாம் என்கிறான் பையன். கரிசக்காட்டு வெயிலில் களையெடுத்து வருகிறவள் எங்கே உட்காருவாள்? முடியாதென்று சொல்லிவிட்டேன்.

சகோதரிகளே, வீட்டைப் புதுப்பிக்கையில் கொத்தனாரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "திண்ணை இருக்கட்டும்!"